மாதா திருநாளில் வந்த சாளை

என் வேலை என்னவென்று ஊரில் ஒருவருக்காவது ஒழுங்காகச் சொல்லிப் புரியவைக்க இத்தனை வருஷத்தில் என்னால் முடிந்ததில்லை. கடல் தண்ணீரை மெல்லிய துணி வலையில் வடித்து, அதில் தங்கும் பொடி உயிர்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ணுகிறேன் என்று சொன்னால், "எண்ணி?" என்று கேட்பார்கள். எண்ணி எழுதி அனுப்புவேன் என்றால், "அனுப்பி?" என்பார்கள். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. அனுப்பிய பிறகு அதை வைத்து யார் என்ன செய்கிறார்கள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. எம்.எஸ்ஸி. படித்த பெண் கடைசியில் கடற்கரையில் துணி அலசுகிறாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. நானும் மறுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

என் தம்பி ஆன்ட்ரூஸ் சாளை பிடிக்கிறவன், வெளியூரில் மத்தி என்று சொல்கிற மீன். ஒரு ஃபைபர் வள்ளமும் ஒரு சாளை வலையும் அவனுடையவை. வாரம் இரண்டு முறை காலையில் அவன் வள்ளத்தில் போய்த்தான் நான் தண்ணீர் எடுப்பேன். அவன் வலையின் கண்ணில் விரல் நுழையும், என் வலையின் கண்ணில் ஊசிமுனை நுழையாது. "இதுல பிடிச்சத வச்சு ஒரு நேரத்துக்குக் கறி வைக்க முடியுமாக்கா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பான். ஒரே கேலியை ஒருவன் எத்தனை தடவை செய்வான் என்று எரிச்சலாக இருக்கும். அவன் கேட்காத அன்று வள்ளத்தில் ஏதோ குறைவது போலவும் இருக்கும்.

எங்கள் ஊர் மண்டைக்காட்டுக்கு மேற்கே, கடலுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிறது. மீனவர் சங்கக் கட்டிடத்தின் பின்னறையை ஆராய்ச்சித் திட்டத்துக்காக வாடகைக்கு எடுத்துத் தந்திருந்தார்கள். ஒரு மேசை, ஒரு மைக்ராஸ்கோப், சத்தமே அதிகமாகவும் காற்று குறைவாகவும் தரும் ஒரு மின்விசிறி. என் மேலதிகாரி சிவதாணு சார் சுசீந்திரத்துக்காரர். சாளை மீனின் குடலுக்குள் என்ன கிடக்கும் என்று அவரைப் போலத் தெரிந்தவர் இந்தக் கரையில் இல்லை. ஆனால் பரம சைவம். வாழ்நாளில் ஒரு துண்டு சாளையை வாயில் வைத்ததில்லை. மனிதருக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் என்று அவருக்கே தெரியாது.

அவர்தான் எனக்குக் கடலை வயலாக விளக்கிச் சொன்னவர். வயல்காரர் வீட்டுப் பிள்ளை, வேறு எப்படிச் சொல்வார்? கடலின் மேல்தண்ணீர் வெயில் படும் நிலம், அடியில் கிடக்கும் குளிர்ந்த தண்ணீர் உரம். ஆனி, ஆடி, ஆவணியில் காற்று மேல்தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போகும். அந்த இடத்துக்கு அடித்தண்ணீர் ஏறி வரும். உரமும் வெயிலும் சேர்ந்தால் கடல் விளையும். விளைவது நெல் இல்லை, நான் எண்ணுகிற பொடிகள். அதிலும் ஒரு வகை உண்டு. கண்ணாடித் துண்டுகளைப் பக்கம் பக்கமாக அடுக்கிக் கோத்த சங்கிலி போல இருக்கும். அது பெருகிய இடத்துக்குச் சாளை வாயைத் திறந்துகொண்டே வரும். இப்படி மாதக்கணக்கில் நடக்கும். நான் பிள்ளையாக இருந்தபோது ஆவணி மாதம் முழுக்க எங்கள் ஊரில் காக்கை கூடச் சாளையைத் திரும்பிப் பார்க்காது.

இந்தக் கதை நடந்த 2015ஆம் வருஷத்தில் உரம் ஏறி வரவில்லை. மேல்தண்ணீர் அவ்வளவு சூடாகக் கிடந்தது. சூடான தண்ணீர் கனமில்லாதது, அது கடலுக்கு ஒரு மூடி மாதிரி மேலே படுத்துக்கொள்ளும். காற்று அடித்தாலும் மூடி நகரவில்லை. ஆனியில் வரவேண்டிய குளிர் ஆடி முடியப்போகும்போதும் வரவில்லை. என் கண்ணாடித் தகட்டில் சங்கிலிகளுக்குப் பதிலாக வேறு ஏதேதோ நீந்தின. சாளை வலைகள் கரையில் வெயிலில் காய்ந்தன. முந்தின வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் இதே கதைதான், ஆனால் இவ்வளவு மோசமில்லை.

ஆன்ட்ரூஸின் மனைவி கிரேசியின் அண்ணன் பஹ்ரைனில் இருக்கிறான். அங்கே ஒரு அரபியின் படகில் மீன்பிடிக்கிற வேலைக்கு ஆன்ட்ரூஸுக்கு விசா வாங்கி அனுப்பிவிட்டான். ஆகஸ்ட் முடிவதற்குள் போய் இறங்கவேண்டும், இல்லையென்றால் விசா செல்லாது. கிரேசி ஒரு பெட்டி வாங்கி பீரோ மேல் வைத்தாள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. எங்கள் அம்மா வியாகுலம்மாள் மட்டும் அந்தப் பெட்டியைப் பார்க்காமல் இருப்பதற்காக அந்த அறைக்குள் போவதையே விட்டுவிட்டாள். அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு ஆண்துணை என்றால் அவன்தான். நான் வீட்டில் இருப்பதை அம்மா அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆன்ட்ரூஸ் போக விரும்பவில்லை. அதை மறைக்கவும் தெரியாது அவனுக்கு. மீன்பிடிக்கத்தான் போகவேண்டும் என்றால் என் கடலை விட்டுவிட்டு எவனோ ஒருவனுடைய கடலில் போய் ஏன் பிடிக்கவேண்டும் என்பான். கடைசியில் அவனே ஒரு நிபந்தனை வைத்தான். மாதா திருநாளுக்கு முன்னாலோ பின்னாலோ, மாதம் முடிவதற்குள் ஒரே ஒரு நாள் வலை நிறையச் சாளை கிடைத்துவிட்டால் அவன் போகமாட்டான். கிடைக்காவிட்டால் பேசாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அம்மா அன்றிலிருந்து ஜெபமாலையைக் கையை விட்டு இறக்கவில்லை. எனக்கும் அவன் போகக்கூடாது என்றுதான் இருந்தது. ஐந்து வயதில் அவனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தது நான். ஆனால் தண்ணீரைப் பார்க்கிறவளும் நான்தான். போய்விடு மக்கா என்று சொல்லவேண்டியவளும் நான்தான் என்று தெரியும், நாக்கு எழவில்லை.

ஆகஸ்ட் பதினைந்து எங்களுக்கு மாதா பரலோகம் போன திருநாள். கடன் திருநாள் என்று சொல்வோம், கட்டாயம் பூசை காணவேண்டும், கடலுக்குப் போகக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அப்படித்தான். இந்தக் கரையில் ஞாயிறு ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. மீறிப் போனால் அபராதம் ஒருபுறம் இருக்கட்டும், திரும்பி வந்த வள்ளத்தைக் கரையேற்ற ஒருவன் கை கொடுக்கமாட்டான். அந்த வருஷம் பதினைந்தாம் தேதி சனிக்கிழமை வந்தது. மறுநாள் ஞாயிறு. சேர்ந்தாற்போல இரண்டு நாள் ஓய்வு என்று இளவட்டங்களுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம்.

பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் தண்ணீர் எடுக்கப் போனோம். கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வலையை இறக்கக் குனிந்தேன். கை தண்ணீரில் பட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டேன். மறுபடி முழங்கை வரை விட்டேன். ஆன்ட்ரூஸ் என்னக்கா என்றான். கையை விட்டுப் பார் என்றேன். அவன் விட்டான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான்.

"குளுருது," என்றான்.

தெர்மாமீட்டரும் அதைத்தான் சொன்னது. முந்தின வாரத்தைவிட மூன்று டிகிரிக்கு மேல் குறைந்திருந்தது. அறைக்கு ஓடி வந்து தகட்டில் ஒரு துளி விட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால், எங்கே பார்த்தாலும் சங்கிலி. ஒன்றன் மேல் ஒன்று விழுந்து கிடந்தன. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆன்ட்ரூஸை உட்காரவைத்துக் காட்டினேன். இதுதான் சாளையின் சோறு, இந்தச் சங்கிலி இருந்தால் சாளை வரும் என்று சொன்னேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். அன்று அவன் கறி வைக்க முடியுமா என்று கேட்கவில்லை.

சிவதாணு சாரைப் போனில் கூப்பிட்டேன். அவர் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசினார். காற்று இரண்டு நாளாகப் பலமாக அடித்ததில் மூடி ஒரே ஒரு இடத்தில் கிழிந்திருக்கிறது, எங்கள் ஊருக்கு நேரே, ஒரு தாலுகா அளவு கூட இல்லை என்றார். எவ்வளவு நாள் இருக்கும் என்று கேட்டேன். ஞாயிறு சாயங்காலத்தோடு காற்று விழுந்துவிடும் என்று படம் சொல்கிறதாம்.

"திங்கக்கிழமை இருக்காது லிஜா. நானும் வேற மாதிரி சொல்லணும்னுதான் பாக்கேன். இருக்காது."

சாளை நாளைக் காலைக்குள் வந்துவிடும். வருவது கடன் திருநாளில். நிற்பது ஞாயிற்றுக்கிழமை. போவது திங்கட்கிழமை. யோசித்து ஏற்பாடு செய்தாலும் இப்படி அமையாது.

சாயங்காலம் கோவிலில் திருவிழா மாலை ஆராதனை முடிந்ததும் சுந்தரராஜ் ஃபாதரைப் பார்க்கப் போனேன். ஊர்க் கமிட்டித் தலைவர் சிலுவையும் அங்கே இருந்தார், மறுநாள் தேருக்குப் பூ வந்து சேரவில்லை என்ற கவலையில். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குளிர்ந்த தண்ணீர், சங்கிலி, காற்று, படம், எல்லாம். ஒரு நாள் போதும், ஞாயிறு காலைப் பூசை முடிந்த பிறகாவது வள்ளங்களை இறக்க விடுங்கள் என்றேன். அவர்கள் என்னைத் துரத்தியிருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். இரண்டு பேரும் நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, பொறுமையாகக் கேட்டார்கள்.

ஃபாதர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. ஞாயிறு ஓய்வு சாமியார்கள் மேலிருந்து போட்ட சட்டம் அல்ல, ஊர் தனக்குத்தானே போட்டுக்கொண்டது. எஞ்சின் உள்ளவன் ஏழு நாளும் போனால் கட்டுமரக்காரன் என்ன செய்வான் என்று யோசித்துப் போட்டது. வாரத்தில் அந்த ஒரு மதியம்தான் ஆண்கள் வீட்டில் உட்கார்ந்து பிள்ளைகளோடு சாப்பிடுகிறார்கள். இன்றைக்கு ஒரு ஞாயிறு திறந்துவிட்டால் அதற்கப்புறம் அடைக்க முடியாது. மீனுக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று உங்கள் ஆராய்ச்சிக்காரர்களே நம் வழக்கத்தைப் பாராட்டி எழுதியிருக்கிறார்களே என்று வேறு கேட்டார். எழுதியிருக்கிறார்கள். அந்தக் கட்டுரையை அவருக்குப் படிக்கக் கொடுத்ததே நான்தான்.

சிலுவைக்கு என் பதற்றம் கொஞ்சம் சிரிப்பாகக்கூட இருந்தது. "மக்ளே, நான் எத்தன திருநாளு பாத்திருக்கேன். நாம பூச கண்டு, தேரு இழுத்து, சாப்பிட்டுப் படுத்து எந்திச்சுப் போவோம். சாளை அங்கனயேதான் நிக்கும். அது என்னைக்கு நம்மளக் காத்து நிக்காம போச்சு?"

"சாளை நிக்கும் மாமா. தண்ணி நிக்காது," என்றேன்.

அவர் சொன்னதும் உண்மைதான் என்பதுதான் கொடுமை. அவர் பார்த்த கடலில் குளிர் மாதக்கணக்கில் நின்றது. அந்தக் கடலில் வாரத்துக்கு ஒரு நாள் விட்டுக்கொடுத்தால் ஒரு நஷ்டமும் இல்லை. இப்போது குளிர் இரண்டு நாள் விருந்தாளி. இதை அவருக்கு எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியாமல் டீயைக் குடித்து முடித்தேன். பூக்காரன் வந்துவிட்டான் என்று யாரோ வந்து சொன்னார்கள். அவர் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை திருநாள் பூசை முடிந்து ஊர் மொத்தமும் புதுத்துணியில் வெளியே வந்தபோது கடல் கறுத்துக் கிடந்தது. தூண்டில் வளைவுக்கு அந்தப் பக்கம் தொடங்கி, கண்ணுக்கு எட்டின வரை திட்டுத் திட்டாகக் கறுப்பு. திட்டுகள் நகர்ந்தன. ஓரங்களில் வெள்ளி துள்ளியது. மேலே கடற்பறவைகள் கூட்டமாக விழுந்து எழுந்தன. ஓங்கல் என்கிற டால்பின்கள் முதுகைக் காட்டிக் காட்டி உருண்டன. சாளை. மூன்று வருஷமாக அப்படி ஒரு சாளையை யாரும் பார்த்திருக்கவில்லை. கரையிலிருந்து கல் விட்டால் அதன் நடுவில் விழும்.

யாரும் வருத்தப்படவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மாதா தன் திருநாளுக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டாள் என்றார்கள். பேண்டு வாத்தியம் முன்னால் போக, மாதா தேர் கடற்கரை ரோட்டில் வந்தது. கடலைப் பார்த்துத் தேரைத் திருப்பி வைத்து ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். அம்மா ஆன்ட்ரூஸின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தை அவ்வளவு நிம்மதியாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. கிழக்கே, மேற்கே, எந்தக் கரையிலும் ஒரு வள்ளம் இறங்கவில்லை. எல்லா ஊரிலும் ஜனங்கள் நல்ல துணி உடுத்திக்கொண்டு கரையில் நின்று சாளையைப் பார்த்தார்கள்.

ஆன்ட்ரூஸ் ஒரு நாள் பொறுத்தான். ஞாயிறு விடிகிற நேரத்தில் வாசலில் சத்தம் கேட்டு நான் எழுந்து கரைக்குப் போனபோது அவன் வள்ளத்தின் பின்னால் தோளைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தான். சாளை அப்போதும் அங்கேயே இருந்தது, இன்னும் பக்கத்தில். அவனோடு தொழிலுக்குப் போகிற ஏசுஅடிமையும் மற்றவர்களும் கொஞ்சம் தள்ளி மணலில் குந்தியிருந்தார்கள். அவர்கள் அவனைத் தடுக்கவில்லை, எழுந்து வரவும் இல்லை. அந்த வள்ளத்தை நகர்த்த எட்டு ஆள் வேண்டும். நான் போய் மறுபக்கம் தோளைக் கொடுத்தேன். ஏலேலோ போடுகிற குரலில் அவனே சத்தம் கொடுத்தான், இரண்டு பேரும் தள்ளினோம். காலுக்கடியில் மணல் போய்க்கொண்டே இருந்தது. வள்ளம் அசையவில்லை. மறுபடி தள்ளினோம். என் சுடிதார் தோளில் கிழிந்தது.

முதல் பூசைக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போனார்கள். ஒருவரும் திட்டவில்லை. எங்களைப் பார்க்காதது போலத் தலையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அது எங்களுக்குச் செய்த மரியாதை. சிலுவை மட்டும் வந்து ஆன்ட்ரூஸின் முதுகில் கை வைத்தார். "பூசைக்கு நேரமாச்சு மக்கா. நாளைக்கு மொத வள்ளம் ஒன்னோடதுதான், நான் சொல்லுதேன்." ஆன்ட்ரூஸ் கடலைப் பார்த்தான். பிறகு மணலைத் தட்டிவிட்டு அவரோடு போனான். நானும் போனேன். கிழிந்த தோளை ஷாலால் மூடிக்கொண்டு கடைசி வரிசையில் நின்றேன். மாதாவிடம் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. அவள் தன் பங்குக்கு இரண்டு நாள் கொண்டுவந்து நிறுத்தினாள், வேறு என்ன செய்வாள்?

சாயங்காலம் காற்று விழுந்தது. தென்னை ஓலை ஒன்று கூட அசையவில்லை. நான் தூண்டில் வளைவின் கல்லில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தேன். குளிர் கொஞ்சம் கொஞ்சமாகக் காலை விட்டுப் போவது எனக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை சிலுவை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆன்ட்ரூஸின் வள்ளம்தான் முதலில் இறங்கியது, அவரே தள்ளிவிட்டார். பின்னாலேயே ஊரின் எல்லா வள்ளமும் போயின. மதியம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வெறும் வலை. ஏசுஅடிமை வள்ளத்தின் அடியிலிருந்து ஏழெட்டுச் சாளையை எடுத்து என் அம்மாவிடம் கொடுத்தான். அம்மா வாங்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள். அவற்றைக் கழுவிக் குழம்பு வைத்தாள். நாங்கள் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாதம் முடிய நாள் இருந்தாலும் இனி வலை நிறையாது, நிபந்தனைப்படி அவன் போகவேண்டும். அன்றைக்கு நான் நாக்கைப் பிடுங்கி எடுக்காத குறையாகச் சொன்னேன். "மக்கா, போயிரு. இந்தக் கடலு இனி இப்பிடித்தான்."

அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். "நீதானக்கா காட்டித் தந்த. நான் என் கண்ணால சங்கிலியப் பாத்தேன். சாளையையும் பாத்தேன். வராத மீனுன்னா நான் போயிருவேன். வாற மீன விட்டுட்டு எப்பிடிப் போவேன்?"

சாளை வராமலே இருந்திருந்தால் அவன் போயிருப்பான். வந்து கண்ணில் பட்டுவிட்டுப் போனதுதான் அவனைக் கட்டிப்போட்டது. மாதம் முடிந்தது. விசாவும் முடிந்தது. கிரேசி பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கி, அதில் குளிர்காலத் துணிகளை வைத்து, மறுபடி மேலே ஏற்றினாள். எங்கள் ஊரில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது.

அதற்கப்புறம் தினமும் காலையில் அவன் ஒரு பாட்டில் கடல்தண்ணீர் கொண்டுவந்து என் மேசையில் வைப்பான். ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு நிற்கிற ஆள் போல வாசலில் நிற்பான். சங்கிலி இருக்கா என்பான். இல்லை என்பேன். சரி என்று போய்விடுவான். அவனைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவரத் தொடங்கினார்கள். பெப்சி பாட்டில், தண்ணீர் பாட்டில், ஒருமுறை குழந்தையின் பால்புட்டி. என் வேலை என்னவென்று ஊருக்குக் கடைசியில் புரிந்துவிட்டது. சீக்கு இன்னதென்று சொல்கிற ஆஸ்பத்திரிக்காரி நான். ஒருநாள் சிலுவையே வந்தார். நான் தண்ணீரின் சூட்டையும் மூடியையும் பற்றி முழுக்கச் சொன்னேன். முதல்முறையாகச் சிரிக்காமல் கேட்டார்.

"சீக்கு இன்னதுன்னு தெரிஞ்சாச்சு. மருந்து என்ன மக்ளே?"

இங்கே இல்லை மாமா என்று மட்டும் சொன்னேன். எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் உலகத்தில் உள்ள புகைக்குழாய்களையெல்லாம் நான் எப்படி விரல் நீட்டிக் காட்டுவது?

செப்டம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை, கரையை ஒட்டிக் கடல் பச்சையாகிவிட்டது. சாதாரணப் பச்சை இல்லை, கீரை கடைந்து ஊற்றினது போல. பச்சை என்றால் சாளைக்குத் தீவனம் என்று இந்தக் கரையில் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும். அது இதுநாள் வரை பொய்த்ததும் இல்லை. ஊர் பரபரத்தது. ஆன்ட்ரூஸ் பாட்டிலோடு ஓடி வந்தான்.

தகட்டில் பார்த்தேன். பச்சை உருண்டைகள், ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு. நாக்டிலூகா என்று பெயர். சூடான தண்ணீரில் பெருகி நிறைகிறது. சாளை இதைத் தின்னாது, இது சாளையின் சோற்றைத் தின்னும். உருண்டை ஒன்றின் வயிற்றுக்குள் பாதி கரைந்த ஒரு சங்கிலி கிடந்தது. இன்னொன்றின் வயிற்றிலும் கிடந்தது. எங்கேயோ மிச்சமிருந்த குளிரில் விளைந்ததையும் இவை விழுங்கி முடித்திருந்தன.

ஆன்ட்ரூஸ் என்னை விலக்கிவிட்டுத் தானே குனிந்தான். கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"சங்கிலி கெடக்குல்லா," என்றான்.

அது உருண்டையின் வயிற்றில் கிடக்கிறது, செத்த சங்கிலி, இது வேறு பச்சை என்று சொன்னேன். மறுபடியும் காட்டினேன். படம் வரைந்து காட்டினேன். அவன் கேட்டுக்கொண்டேதான் இருந்தான்.

"இருக்கா இல்லியா, அத மட்டும் சொல்லுக்கா."

"இருக்கு. ஆனா..."

"இருக்குல்லா," என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினான்.

அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. திருநாள் சாளை ஊரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இந்தமுறை காத்திருந்து ஏமாறமாட்டோம் என்றார்கள். மறுநாள் ஞாயிறு காலைப் பூசைக்கு முன்னாலேயே வள்ளங்களை இறக்கிவிடுவது என்று முடிவானது. நான் போய் நின்று, போகாதீர்கள், அங்கே மீன் இல்லை என்று சொன்னேன். அன்றைக்கு ஞாயிறு போகச் சொன்னதும் நீதானே, இன்றைக்குப் போகவேண்டாம் என்பதும் நீதானா என்று யாரோ கேட்டார்கள். கோபமாகக் கேட்கவில்லை, குழப்பமாகத்தான் கேட்டார்கள். சுந்தரராஜ் ஃபாதர் தடுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அவரைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார்.

நினைவு தெரிந்து முதல்முறையாக எங்கள் ஊர் ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்கியது. ஆன்ட்ரூஸின் வள்ளத்துக்குத் தோள் கொடுக்க எட்டு ஆள் கேட்டால் பதினைந்து பேர் வந்தார்கள். இந்தமுறை நான் தொடாமலே அந்த வள்ளம் வெண்ணெயில் கத்தி போலப் போனது. பச்சைத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எல்லா வள்ளமும் போயின. பூசை மணி அடித்தது. கோவிலுக்குள் பெண்களும் கிழவர்களும் மட்டும் இருந்தார்கள். சுவாமி வருகைப் பாட்டைப் பாட ஆண்குரல் இல்லாமல் அது நடுவிலேயே நின்றுபோனது.

மதியம் திரும்பி வந்தார்கள். வலைகளில் கொழகொழவென்று பச்சைச் சளி மட்டும் ஒட்டியிருந்தது. மீன் வாடை கூட இல்லை. ஆண்கள் வலையை அலசினார்கள். அலச அலச அது போகவில்லை. ஞாயிறு மதியம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடவேண்டிய நேரத்தில் அவர்கள் சளி அலசிக்கொண்டிருந்தார்கள். அம்மா சோறு போட்டுவைத்த தட்டை மூடி வைத்திருந்தாள்.

ஆன்ட்ரூஸ் வலையை அப்படியே விட்டுவிட்டு என்னிடம் வந்தான். முழங்கை வரை பச்சை. கோபப்படுவான் என்று நினைத்தேன். படவில்லை. இடுப்பில் சொருகியிருந்த பாட்டிலை எடுத்து நீட்டினான்.

"தூரத்துல போய் எடுத்தது. பாத்துச் சொல்லு."

வாங்கிக்கொண்டேன். பாட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. அவன் வாசலில் போய் நின்றுகொண்டான்.